வெண்டலைப் பற்றி மூச்சு விடாதே

“எங்க ஊருக்கு ஏன் வரணும்னு ஆசைப்படறீங்க, டாக்டர் கொரின்?”

கேட்டது கொரினின் தோழி யோலாண்டா. தலையில் ஈரத்துண்டு, காலுக்கொரு நிறத்தில் உறை, கட்டில் நடுவே சம்மணம். குரல் மட்டும் அசல் துறைத் தலைவி குரல். எதிரே நாற்காலி நுனியில், கறுப்புக் கோட்டும் பாவாடையுமாக, மறுநாள் போடவேண்டிய செருப்பைக்கூட இன்றே மாட்டிக்கொண்டு கொரின் உட்கார்ந்திருந்தாள்.

“உங்க நூலகத்துல இருக்கிற விவசாயிகள் சங்க ஆவணங்கள் வேற எங்கேயும் கிடையாது. என்னோட ரெண்டாவது புத்தகமே அதை நம்பித்தான் இருக்கு. அதோட சின்ன வகுப்புகள்ல பாடம் நடத்தறது எனக்கு…”

“கொஞ்சம் சிரிடி. பல் பிடுங்க வந்தவ மாதிரி உக்காந்திருக்கே.”

கொரின் சிரித்தாள்.

“அவ்வளவு வேணாம். பயமா இருக்கு.” யோலாண்டா துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டினாள். “சரி, இப்ப முக்கியமானது. குடும்பத்தைப் பத்தி நேரா கேக்கமாட்டாங்க, கேட்டா சட்டப்படி வம்பு. அதனால தூண்டில் போடுவாங்க. என் பையன் இப்படி, என் வீட்டுக்காரர் அப்படின்னு அவங்க கதையை ஆரம்பிப்பாங்க. நீ உருகிப்போய், எனக்கும் ஒருத்தர் இருக்காருன்னு வாயை விட்டே, தொலைஞ்சே. உடனே பேச்சை வேலைக்குத் திருப்பிடு. புரியுதா?”

“அதையேதான் வெண்டலும் சொன்னான்.”

“புத்திசாலிப் புருஷன். பத்திரமா மறைச்சு வை.”

சிகாகோவில் ஜனவரி மாதக் குளிரில் நடக்கிற வரலாற்றுப் பேராசிரியர்கள் மாநாடு அது. மாநாடு என்பது பேருக்குத்தான். கீழே கூடங்களில் கட்டுரை வாசிக்கிறவர்கள் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். மேலே, மாடிக்கு மாடி, ஹோட்டல் அறைகளில் ஆள் பார்க்கும் படலம் நடக்கும். பெண் பார்க்கப் போகிற இடத்தில் பஜ்ஜியாவது கிடைக்கும், இங்கே அதுவும் இல்லை. அரைமணிக்கு ஒருவர் உள்ளே போக வேண்டும், அடுத்தவர் வெளியே தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே இருந்து வருகிறவர் முகத்தை வெளியே நிற்கிறவர் பார்க்கக் கூடாது என்று ஒரு மரியாதை. மின்தூக்கியில் ஏறினால் எல்லார் கண்ணும் முதலில் கழுத்தில் தொங்கும் அட்டைக்குப் போகும், எந்தப் பல்கலைக்கழகம் என்று படிக்கும், அதன் பிறகுதான் முகத்துக்கு ஏறும். பெரிய பேராக இல்லாவிட்டால் முகம்வரை ஏறாது. இத்தனை படித்தவர்கள் கூடி இப்படி ஒரு கூத்தை ஏற்பாடு செய்திருக்கிறார்களே என்று ஆத்திரம் வரும். ஆனால் வேலை வேண்டியவர்கள் ஆத்திரப்பட்டு ஆகப்போவது என்ன?

கொரினுக்கு வேலை இல்லாமல் இல்லை. ஜார்ஜியாவில் ஒரு கல்லூரியில் வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கிற தற்காலிக வேலை. அவள் கணவன் வெண்டல் வடக்கு டகோட்டாவில் கிராஸ்டன் என்கிற ஊரில் மண்ணியல் கற்பிக்கிறான். அவனுக்கு நிரந்தரமாகக் கிடைத்தது அந்த ஒரு இடம்தான். கல்யாணமாகி நான்கு வருஷம். கோடை விடுமுறையும் கிறிஸ்துமஸும்தான் குடித்தனம். மீதி நாளெல்லாம் தொலைபேசி.

சாயங்காலம் இருவரும் அவரவர் சமையலறையில் தொலைபேசியை மேடைமேல் வைத்துவிட்டுச் சமைப்பார்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் வைக்கமாட்டார்கள். அவன் வீட்டுக் கதவு எப்படிக் கிறீச்சிடும், பூட்ஸைக் கழற்றி எங்கே எறிவான், கெட்டில் கொதிக்க எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவன் வாசனைதான் மறந்துபோய்க்கொண்டிருந்தது. போன வசந்தத்தில் ஒருநாள் அவன் சட்டை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து முகர்ந்து பார்த்தாள். பெட்டி வாசனைதான் வந்தது. அன்று வகுப்புக்குப் போகாமல் குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் வேலையை விட்டுவிட்டு வண்டியேறி வந்துவிடுவான், அப்புறம் ரெண்டு பேருக்கும் சோற்றுக்கு வழி?

இந்த வருஷம் கடவுள் கண்ணைத் திறந்ததுபோல் ஒரு விளம்பரம் வந்தது. பெல் லேக் கல்லூரி, வடக்கு டகோட்டா. கிராஸ்டனிலிருந்து நாற்பது மைல். நாற்பது மைல்! அந்தப் பக்கத்தில் அதை ஒரு தூரமாகவே யாரும் எண்ணுவதில்லை. பால் தீர்ந்தால்கூட அவ்வளவு தூரம் போவார்கள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்த அன்று வெண்டல் தொலைபேசியில் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது அவளுக்குக் கேட்டது. கத்தி முடித்தபின் அவன்தான் முதலில் சொன்னான்:

“என்னைப் பத்தி மூச்சு விடாதே.”

காரணம் இருந்தது. போன வருஷம் ஒஹையோவில் ஒரு கல்லூரிக்காரர்கள் ஆஹா ஓஹோ என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், கணவன் வேறு மாநிலத்தில் பேராசிரியர் என்று அவள் சொன்னதும் குளிர்ந்துபோனார்கள். இவள் வரமாட்டாள், வந்தாலும் புருஷனுக்கும் ஒரு வேலை கேட்பாள் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். அந்தக் குற்றம் தன்னுடையது என்று வெண்டல் மனதில் பதிந்துவிட்டது. “நான் உனக்கு ஒரு முட்டுக்கட்டைடி” என்று குடித்திருந்த ஒருநாள் சொன்னான். குடிக்காத நாளிலும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆக, வெண்டலும் யோலாண்டாவும் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டு அவளைத் தயார் செய்தார்கள். அவன் தொலைபேசியில் துறைத் தலைவராகக் குரலை மாற்றிக் கேட்பான், அவள் பதில் சொல்வாள். நன்றாகச் சொன்னால் “அடி சக்கை!” என்பான். இந்த உலகத்தில் தன்னிடம் வந்து சேர ஒருத்தியைத் தயார் செய்கிறவன், தன் பேரை அவள் வாயிலிருந்து அடியோடு துடைத்தெடுக்கப் பாடுபட்டான். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை பதினேழாவது மாடி. கதவைத் திறந்தவர் துறைத் தலைவி லோர்னா டால்க்விஸ்ட். ஐம்பதைத் தாண்டிய உயரமான பெண்மணி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். உள்ளே ஆம்ப்ரோஸ் என்கிற கிழவர், கட்டில் ஓரத்தில் கோப்பைத் தட்டு சரியாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொரினுக்குக் கிடைத்தது ஒரு தாழ்ந்த சோபா. உட்கார்ந்ததும் முழங்கால் மோவாய் உயரத்துக்கு வந்தது. இதற்கும் யோலாண்டா பயிற்சி கொடுத்திருந்தாள். பக்கவாட்டில் சாய்ந்து சமாளித்தாள்.

ஆராய்ச்சி பற்றிக் கேட்டார்கள். பொழிந்து தள்ளினாள். பாடம் பற்றிக் கேட்டார்கள். அதிலும் குறை இல்லை. ஆம்ப்ரோஸ் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்: “எங்க பக்கம் எப்பவாவது வந்திருக்கீங்களா?”

வந்திருக்கிறாளாவது! பெல் லேக் கடைத்தெருவில் மூலைக்கடையில் சுடுகிற ‘ரூபார்ப் பை’ என்கிற இனிப்புப் பண்டத்தை வெண்டலும் அவளும் ஒரே முள்கரண்டியால் தின்றிருக்கிறார்கள். உறைந்த ஏரியில் அவன் சறுக்கி விழுந்து, எழமாட்டேன் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். ஆனால் வந்தேன் என்றால் எதற்கு என்பார், யாரோடு என்பார்.

“வரைபடத்துல பாத்திருக்கேன். வரணும்னு ரொம்ப ஆசை.”

“குளிர் தாங்குமா? ஜார்ஜியாவுல இருக்கீங்க.”

“குளிர் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.”

“சில பேருக்கு ஊர் ஒட்டறதில்லை” என்றார் ஆம்ப்ரோஸ். “ஏதாவது ஒண்ணு பிடிச்சு நிறுத்தணும் பாருங்க.”

“எனக்கு வேலைதான் பிடிச்சு நிறுத்தும்” என்றாள் கொரின். இதுவும் ஒத்திகையில் வந்த பதில்தான்.

லோர்னா கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, கேள்விபோல இல்லாமல் சும்மா சொன்னார்: “என் வீட்டுக்காரர் ஒமாஹாவுல இருக்கார். பதினோரு வருஷமா அவர் அங்க, நான் பெல் லேக்ல. பனிக்காலம் வந்தா அது ஒரு மாதிரிதான் இருக்கும்.”

தூண்டில்! யோலாண்டா சொன்னது அப்படியே நடக்கிறது. எனக்கும் அப்படித்தான் அம்மா, சாப்பிட உட்கார்ந்தால் தொண்டையில் இறங்கவில்லை என்று சொல்லி அந்தம்மாள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் கொரினுக்கு இருந்தது. நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

“வேலைக்கு அது ஒரு விதத்துல வசதிதான், இல்லீங்களா?” என்றாள் புன்னகையோடு. “எழுத நிறைய நேரம் கிடைக்கும்.”

“ஆமா” என்றார் லோர்னா. “கிடைக்கும்.”

அதன்பின் கைகுலுக்கல். வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற இளைஞனைத் தாண்டி அவள் நடந்தபோது கால் தரையில் பாவவில்லை. யோலாண்டா அவளைக் கட்டிப்பிடித்து அறைக்குள் ஒரு சுற்று சுற்றினாள். “தூண்டிலைக் கவ்வாம நீந்தி வந்துட்டேடி மகராசி!”

வெண்டல் முதல் மணியிலேயே எடுத்தான். ஒன்றுவிடாமல் கேட்டான். “அடி சக்கை! அதுக்கப்புறம்? அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?” பிறகு அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டே, பாதி அலமாரியை அவளுக்காகக் காலி செய்துவிட்டதாகச் சொன்னான். தன் கோட்டுகளையெல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாமல் குளியல் தொட்டியில் போட்டிருக்கிறானாம்.

“இப்பவே எதுக்குடா? இன்னும் ஒண்ணுமே முடிவாகலை.”

“முடிவாகும். உன்னை வேணாம்னு சொல்ல அவங்களுக்கு என்ன பைத்தியமா?”

மறுநாள் சாயங்காலம் பெரிய கூடத்தில் விருந்து. விருந்து என்றால் சீஸ் துண்டும் தண்ணீர்ப் பீரும். ஒவ்வொரு கல்லூரிக்கும் எண் போட்ட வட்டமேசை. ஆட்கள் மேசை மேசையாகப் போய், தற்செயலாக வந்ததுபோல நின்று பேச வேண்டும். தற்செயலாக வருவதற்கும் அவள் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் பெல் லேக் மேசையில் லோர்னா மட்டும் தனியாக உட்கார்ந்து, காலணியிலிருந்து குதிகாலை வெளியே எடுத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க, டாக்டர் கொரின். உங்களை எப்படிப் பாத்துச் சொல்றதுன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

கொரின் உட்கார்ந்தாள். நல்ல செய்தி என்றுதான் நினைத்தாள். பாவி மனசு அப்படித்தானே நினைக்கும்.

“நாங்க பாத்ததிலேயே நீங்கதான் முதல் ஆள். ஆம்ப்ரோஸும் அதையேதான் சொன்னார்” என்றார் லோர்னா. “அதனாலதான் பயமாப் போச்சு. வர்றவங்க எல்லாம் நல்லாத்தான் வர்றாங்க. ரெண்டு வருஷத்துல ஒரு புத்தகத்தை எழுதி எடுத்துக்கிட்டு நியூயார்க்குக்குப் போயிடறாங்க. மறுபடியும் நாங்க இங்க வந்து உக்காரணும். இந்தத் தடவை, தங்கறவங்களாப் பாத்து எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். மூணு பேரை ஊருக்கு வரவழைக்கிறோம். மத்தியானமே அவங்களுக்குச் சொல்லியாச்சு. மன்னிச்சுக்கங்க.”

கூடத்தின் இரைச்சல் கொரின் காதில் தூரமாகப் போயிற்று.

“நான் தங்குவேன்” என்றாள்.

“எல்லாரும் சொல்றதுதான்மா.”

“இல்லீங்க. என் வீட்டுக்காரர் கிராஸ்டன்ல இருக்கார்.”

லோர்னா குதிகாலை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

அதன்பின் கொரினால் நிறுத்த முடியவில்லை. ஒத்திகை இல்லாத பேச்சு, அணை உடைந்த மாதிரி வந்தது. வெண்டல் மண்ணியல் வாத்தியார் என்றாள். மூலைக்கடையில் ரூபார்ப் பை தீர்ந்துபோனால் கடைக்காரம்மாள் அடுத்த வாரத்துக்கு எடுத்து வைப்பாள் என்றாள். இரண்டு ஊருக்கும் நடுவே தானியக் கிடங்கைத் தாண்டும்போது காற்று வண்டியைப் பக்கத்துத் தடத்துக்குத் தள்ளும், சக்கரத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றாள். அவன் பொரிக்கிற முட்டை வாயில் வைக்க முடியாது, இருந்தாலும் அதைத் தின்றுகொண்டே சாகத் தயார் என்றாள். “நாலு வருஷமாச்சுங்க. ராத்திரி அவன் பக்கத்துல இருமினாக்கூடப் போதும்னு இருக்கு.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பினார்கள்.

லோர்னா மேசைமேலிருந்த கைத்துண்டை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு மெல்லக் கேட்டார்: “இதை ஏம்மா நேத்தே சொல்லலை?”

“சொல்லக்கூடாதுன்னு…”

“நான் கேக்க முடியாது. கேட்டா என் வேலை போயிடும். அதனாலதான் என் கதையைச் சொன்னேன். முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட அதைச் சொல்றது எனக்கு என்ன சுலபமா? யாராவது, ஆமா எனக்கும் கஷ்டமா இருக்குன்னு சொல்லமாட்டாங்களான்னு பாத்தேன். நீங்க, எழுத நேரம் கிடைக்கும்னு சொன்னீங்க.” அவர் குரல் இறங்கியது. “அதைக் கேட்டதும் ரொம்ப வலிச்சது எனக்கு. இந்தப் பொண்ணுக்கு யாரும் தேவையில்லை, எந்த ஊரும் தேவையில்லைன்னு நினைச்சேன். உங்க பேரை அடிச்சது ஆம்ப்ரோஸ் இல்லை. நான்தான்.”

“இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?”

“மூணு பேருக்கும் வாக்குக் கொடுத்தாச்சு. அதுல ஒருத்தருக்குப் பொண்டாட்டி ஊரே பெல் லேக்தான். நேத்து உங்களுக்கு அடுத்தாப்ல வந்தவர். உள்ள நுழைஞ்சதும் நுழையாததுமா அதைத்தான் சொன்னார். பாவம், அவருக்குப் பயிற்சி போதலை.” லோர்னா கொரினின் கையைப் பிடித்துக்கொண்டார். “யாராவது வரலைன்னா கூப்பிடறேன். ஆனா பொய் சொல்லமாட்டேன்மா. வராம யாரும் இருக்கமாட்டாங்க.”

கொரின் எழுந்து, மேலங்கியை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்கு வெளியே வந்தாள். ஆற்றுப் பக்கமிருந்து அடித்த காற்றில் கண்ணீர் கன்னத்திலேயே சில்லிட்டது. யோலாண்டாவிடம் போகத் தோன்றவில்லை. வாசல் தூணோரம் நின்று வெண்டலைக் கூப்பிட்டாள்.

“என்ன சொன்னாங்க?” என்றான். குரலில் அவ்வளவு ஆவல்.

“கிடைக்கலை, வெண்டல்.”

“ஏன்? நீதான் பிரமாதமாப் பேசினியே!”

உள்ளதைச் சொல்ல வாயெடுத்தாள். நீ சொன்னபடி கேட்டேன், கேட்டதால்தான் போயிற்று. உன் பேரை ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் இந்நேரம் விமானச் சீட்டு கையில் இருந்திருக்கும். இந்த வார்த்தைகளோடு அவனை அந்தப் பனிக்காலம் முழுக்கக் கிராஸ்டனில் தனியாக உட்காரவைப்பதா? தன்னை முட்டுக்கட்டை என்று சொல்லிக்கொண்டவனை? அவளுக்கு மனசு வரவில்லை.

“உன்னைப் பத்திச் சொல்லிட்டேன்” என்றாள்.

“ஐயோ, கொரின்!”

“இன்னிக்கு விருந்துல வாய் தவறி வந்துடுச்சு. எவ்வளவோ அடக்கிப் பாத்தேன், முடியலை. அதனாலதான் போச்சு. என் தப்புதான்.”

திட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நிம்மதியாக இருக்கும் என்றும் நினைத்தாள். வாடகை வண்டி ஒன்று வந்து நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

“என்ன சொன்னே?” என்றான் கடைசியில்.

“எப்போ?”

“என்னைப் பத்தி. அவங்ககிட்ட என்ன சொன்னே?”

குரல் கரகரத்திருந்தது. கோபம் இல்லை அது. அவளுக்குப் புரிந்தது, கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நாப்பது மைல் தள்ளி ஒருத்தன் இருக்கான், அவனுக்கு முட்டை பொரிக்கத் தெரியாதுன்னு சொன்னேன்.”

“துறைத் தலைவிகிட்டயா?”

“ஆமா. அவன் பக்கத்துல இருமினாக்கூடப் போதும்னு சொன்னேன்.”

மறுமுனையில் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வது கேட்டது.

“இன்னும் சொல்லு” என்றான்.